கம்பெனி என்ற கட்டம்

செங்குட்டையில் என் கடைக்கு வருவதெல்லாம்
கிணற்றில் விழுந்த மோட்டார்,
புகைந்த மிக்சி,
முனகிக்கொண்டே நின்றுபோன ஃபேன்.
நோட்டில் நான்கு கட்டம்:
தேதி, பொருள், கம்பெனி, தொகை.
டெக்ஸ்மோ, கிர்லோஸ்கர், க்ராம்ப்டன் என்று
பதினெட்டு வருடம் எழுதிப் பழகிய கை.

கத்திரி பிறந்த அன்று
தோளில் கித்தாரோடு ஒருவர் வந்தார்.
ஸோதன்மாவியா. மிசோரம்.
அண்ணன் ஆஸ்பத்திரியில்,
இவர் பாபு ராவ் தெரு லாட்ஜில், நாற்பது நாளாய்.
பாதி இந்தி, மீதி விரல்கள்:
காயில் செத்துவிட்டது,
மியூசிக் கடையில் புதுசு மாட்டச் சொல்கிறார்கள்,
நீங்கள் காயில்தானே சுற்றுகிறீர்கள்?

காயில்தான்.
ஆனால் என் கம்பியில் எருமையைக் கட்டலாம்.
இதில் இருந்தது
சீப்பில் சிக்கும் முடியைவிட மெலிசு.

தலையில் ஒரு தகடு,
ஏதோ அமெரிக்கக் கடையின் பெயர்.
கழற்றினேன்.
அடியில் இன்னொரு தகட்டின் ஆணித்துளைகள்.
துளைகளுக்கு நடுவே, வெயில் படாத வார்னிஷில்,
மூன்றாவதாய் ஒரு பெயரின் தடம்:
அசாஹிரோ.

சாம்பாய் சந்தையில், பர்மா வியாபாரியிடம்
இரண்டு பன்றி கொடுத்து அப்பா வாங்கியதாம்.
கித்தாரோடு கதையும் வந்ததாம், இனாமாக.
சண்டை ஓய்ந்த டோக்கியோவில்
ரேடியோவுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றிய கடை அது.
(கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.)
பிறகு மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கித்தார்.
பிறகு பையன்கள் எல்லோரும் முடி வளர்த்த வருடங்கள்:
ஒரு கித்தாருக்கு நான்கு காயில்,
சத்தத்தைவிட சுவிட்ச் அதிகம்,
மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறியது,
ஏறும்போதே வேறு வேறு கடைக்காரர் பெயரில்.
தன் பெயரை ஒட்டினால் விலை குறையும் என்று
தானே சுரண்டிக்கொண்ட கம்பெனி.
பையன்கள் முடி வெட்டிக்கொண்டார்கள்.
பியானோ செய்கிற பெரிய கம்பெனி வந்து
மிஷின்களை எடுத்துக்கொண்டது,
பெயரை வாசலிலேயே விட்டுவிட்டது.
இப்போது அதே கித்தாரை
வெளிநாட்டில் லட்சம் கொடுத்துத் தேடுகிறார்களாம்.

யார் கண்டது. பன்றிக் கணக்காவது நிஜமாயிருக்கும்.

டேப்பைப் பிரித்தேன்.
பாபினில் அச்சடித்த எண்: 7000.
அதன்மேல் பென்சிலில் ஒரு கோடு.
கீழே, சின்னக் கையெழுத்தில்: 6740.

ஏன் நிறுத்தினாள்?
அவள் என்றுதான் தோன்றியது.
சங்கு ஊதியிருக்கலாம். கம்பி தீர்ந்திருக்கலாம்.
பள்ளியிலிருந்து போன் வந்த அன்று
குடியாத்தம் மோட்டார் ஒன்றில்
எட்டுச் சுற்று குறைத்துக் கட்டியவள் நான்.
நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ரிச்சி தெருவிலிருந்து கம்பி வர மூன்று நாள்.
சுற்றினேன். மூச்சு பட்டால் அறுகிறது.
இரண்டு முறை அறுந்தது.
மூன்றாம் முறை, 4112-இல் கரண்ட் போனது.
கையால் சுழற்றினேன்.
நெற்றி வேர்வை அதில் சொட்டாமலிருக்க
முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு.

6740.
ரீலில் கம்பி மிச்சம் இருந்தது.
கரண்டும் வந்துவிட்டது.
நிறுத்தினேன்.

பக்கத்து சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்பில் சொருகி
ஒற்றைத் தந்தியைத் தட்டினார்.
மற்ற காயில்களைவிட ஒரு பிடி தாழ்ந்து,
தொண்டை கட்டியவர் கூப்பிடுவதுபோல்.
"இதேதான்" என்றார். இன்னொரு முறை தட்டினார்.
ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் படுத்திருந்த நாய்
எழுந்து இடம் மாறியது.

நானூற்றைம்பது.
ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை ஒதுக்கி
நோட்டுகளைத் தனியாய் எடுத்தார்.
பென்சில் எண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை.
அண்ணனைப் பற்றி அவரும்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க வந்த
தணிகாசலம் விரலை வைத்துக் கேட்டான்:
"அக்கா, கம்பெனி கட்டத்தில் நம்பர் போட்டிருக்கிறீர்களே?"

மாடல் நம்பர் என்றேன்.